காற்றோடு போன உரம்

சிங்கப்பூர், 1908 ஐப்பசி

ரத்தினத்துக்கு,

உன் கடிதம் வந்தது. பிள்ளையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே துரை, மண்தொட்டிகளில் உர உப்புப் போடுகிறார். அடியில் வடியும் தண்ணீரைப் பிடித்து, மழையோடு எவ்வளவு உரம் போயிற்று என்று கணக்கெடுப்பது என் வேலை. எங்கள் கங்காணி, சூளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கம்பம் என்ற இவ்வூர்ப் பேட்டையின் ஆள். எதற்கும் அவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. புழு வராது என்று இன்று உர உப்போடு அதைக் கலந்துவிட்டார். கொட்டகை முழுக்க நெடி. உரத்தின் சத்தெல்லாம் அந்த நெடியாகவே காற்றில் போய்விடுமாம். எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

"வெளிய வாய்யா, கண்ணு அவிஞ்சிடும்!" என்று கங்காணி கத்தினார்.

நான் போகவில்லை. எல்லாரும் சேர்ந்து படுக்கும் எங்கள் கூடத்தில், உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அழ ஓர் இடம் கிடைக்கவில்லை. இன்று யாரும் ஏனென்று கேட்கவில்லை.

காற்றில் போனது எவ்வளவு இருக்கும் என்று துரை கேட்டார். தண்ணீரில் போனதை அளந்து சொல்வேன், இதைப் பிடிக்க என்னிடம் பாத்திரம் இல்லை என்றேன்.

நான் முகம் பாராமலே போய்விட்ட பிள்ளை யார் சாயலில் இருந்தான் என்று நீ எழுதவே இல்லை. எழுது.

நான் வந்து பார்க்கும் வரை தூளியை மட்டும் அவிழ்க்காதே.

உன் வீட்டுக்காரன்