தக்காளி விலையைத் தொடாத நிரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? ஓசூர் விடுதியில் நான் நன்றாக இருக்கிறேன்.

கணினி வகுப்பில் கிழமைவாரியான ஒரே தக்காளி விலைப் பட்டியலைத்தான் நானும் என் பக்கத்தில் உட்காரும் சரிதாவும் எங்கள் நிரல்களில் பயன்படுத்தினோம். அதிக விலையைக் கண்டுபிடிக்க நான் அதையே விலைப்படி வரிசை மாற்றிவிட்டேன்; முதலில் இருந்த திங்கட்கிழமை விலை இடம் மாறிப்போனது. அவளுடைய நிரல் திங்கட்கிழமைக்குத் தவறான விலை காட்டியது. "என்னுதுல எதுக்குடி கைய வெச்ச?" என்றவள் அப்புறம் பேசவே இல்லை. இங்கே எனக்குத் தோழி என்று அவள் ஒருத்திதான்.

இன்று ஃபங்ஷனல் புரோகிராமிங் தொடங்கினார்கள். அதில் கொடுத்த பட்டியலை மாற்றக்கூடாது; மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். உடனே என் நிரலை அப்படித் திருத்தினேன். சரிதாவின் நிரலிலும் திங்கட்கிழமை விலை சரியானது. "வாடி, ஊட்டா ஆறுது" என்று கன்னடம் கலந்து சொல்லிச் சாப்பிட இழுத்துப் போனாள்.

அம்மா, வீட்டில் நான் படுக்கும் மூலையில் புளி மூட்டை அடுக்காதே. அந்த மூலை அப்படியே இருக்கட்டும்; மூட்டைக்குப் புதிதாக ஓர் இடம் பார். படிப்பு மணி அடித்துவிட்டது.

உன் மகள்,
மோனிஷா