கம்பளிச் சொதி

இன்று காலை அலமாரியைத் துடைத்தபோது நீ பின்னிய உளுந்துவடையின் துளைக்குள் என் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. உருவி எடுக்க மனம் வரவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றிருந்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். வரிசை போடாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே:

1. நீ கம்பளி நூலில் சாப்பாடு செய்யத் தொடங்கிய விதம்.
2. ஸ்ரீவைகுண்டத்துக் கல்யாணத்தில் உனக்குச் சொதி வேண்டாம் என்று நான் தடுத்தது. உன் உயிருக்காகத்தான் தடுத்தேன்.
3. உன் பதினாறாம் நாளில் நான் செய்த பிழை.

டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வாழைப்பழம் கூடாது, தேங்காய் கூடாது, உப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். பட்டியலை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். ஒரு நாள் செல்போனில் யாரோ வெளிநாட்டுப் பெண் குரோஷா ஊசியால் கம்பளி நூலில் கேக் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இவ கேக்கு போடுதா. நான் இட்லி போடுதேன், பாருங்க" என்றாய்.

பின்னலின் கண்களை எண்ணுவது என் வேலை. முதல் சுற்றுக்கு ஆறு, அடுத்ததற்குப் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு. ஒவ்வொரு சுற்றிலும் எனக்குச் சந்தேகம் வரும்.

"ஒண்ணு குறையுதோ? பிரிச்சிட்டு மறுபடி எண்ணுவோமா?"

"இட்லி கோணலா இருக்குன்னு யாரும் கேஸ் போட மாட்டாங்க. அடுத்த சுத்து சொல்லுங்க."

இரண்டு வட்டங்களைச் சேர்த்துப் பஞ்சை அடைத்ததும் இட்லி உப்பியது. பிறகு வடை வந்தது. பச்சை மிளகாயின் காம்புகூட விடாமல் அவியல் வந்தது. நெய் மினுங்குவதற்காகப் பளபளப்பான நூலைத் தேடி வாங்கி அல்வா வந்தது. கதவில் நான் 'கூடாது' என்று எழுதியிருந்த ஒவ்வொன்றும் உன் மடியில் உருவாகிக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கண் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் உன் தங்கை மகனுக்குக் கல்யாணம். மறுநாள் மதியம் நம் வழக்கப்படி சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மணக்க, பரிமாறுகிறவர் வாளியோடு உன் இலைக்கு வந்தார். நீ சோற்றில் குழி பறித்து வைத்திருந்தாய். நான் உன் இலையின் மேல் கையை விரித்தேன். கரண்டியிலிருந்து சூடாக ஒரு துளி என் புறங்கையில் விழுந்தது. நீ முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த முந்தானையை மூக்கருகே பிடித்திருந்தாய். புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாய்: "எப்படி இருந்துச்சு சொதி?"

"சுமார்தான். உப்பு பத்தலை."

"மூணு தடவை வாங்கி ஊத்திக்கிட்டீங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன்! நிறத்தையாவது சரியா சொல்லுங்க. போடணும்."

வெள்ளை நூலோடு ஒரு இழை மஞ்சள் சேர்த்தால் வரும் என்றேன். நான்கு நாளில் ஒரு கிண்ணம் சொதி ஆயிற்று. பக்கத்தில் வைக்க இஞ்சிப் பச்சடியும் பின்னினாய். அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் படையலுக்குச் சமையல்காரர் வந்து, "அம்மாவுக்கு என்னென்ன வைக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் எழுந்து போய்க் கதவிலிருந்த பட்டியலை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். தேங்காய் வேண்டாம், முருங்கைக்காய் வேண்டாம், காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், உப்பு போடக் கூடாது என்று வாயாலும் சொன்னேன். இந்த வீட்டு வழக்கமாக இருக்கும் என்று அவரும் அப்படியே சமைத்துவிட்டார். மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். உன் படத்தின் முன் இலை போட்டு எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டும் வரை எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கைதான் காயைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அத்தான்! செத்த பொறவுமா அவளுக்குப் பத்தியம்?" என்றாள். அவளே அலமாரியைத் திறந்து நீ பின்னிய சொதிக் கிண்ணத்தை எடுத்து வந்து இலையில் வைத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் படி ஏறினால் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்றுதான் வருகிறது. அடுத்த சுற்றைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தை மேலிருந்து ஒரு முறை சரிபார்த்தேன். இரண்டாவது குறிப்பு தவறு. கல்யாணத்துக்கு முந்தின வாரம், நீ உள்ளே டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபோது, டாக்டரிடம் சொதியைப் பற்றிக் கேட்டேன். "மறுநாள்தான் டயாலிசிஸ் இருக்கே, ஆசைக்கு ரெண்டு கரண்டி சாப்பிடட்டும் சார்" என்றார் அவர். உன்னிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தானே கேட்பார்கள் என்று பயந்தேன்.