காலிக் கட்டங்களில் பூஜ்யம்

ஜூலை 8, செவ்வாய். செம்பூர்.

வாஷி அலையாத்திக் காட்டில் நரிகள் எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று கணிக்கும் சாஃப்ட்வேரை இன்று ஆபீஸில் அப்டேட் செய்தோம். உடனே இடங்கள் பாதியாகிவிட்டன. "என்னப்பா இது?" என்று முனகினேன். எதிர் மேசை செல்வின் தலை நிமிராமலே, "விடுங்கக்கா, டென்ஷன் எடுக்காதீங்க. புது வெர்ஷன்ல நரி கொறைவாத்தான் காட்டும்" என்றான்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. என் லேப்டாப்பில் பழைய வெர்ஷன் இருக்கிறது. அதே ஃபைலைப் போட்டேன். அதிலும் பாதிதான்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். கடல்நீர் ஏறி, நரிகளைப் படமெடுக்கக் காட்டில் வைத்த கேமரா மூழ்கிய நாட்களின் கட்டங்களை நான் காலியாக விட்டிருந்தேன். அன்று யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இப்போது எல்லாவற்றிலும் பூஜ்யம் இருக்கிறது. பார்த்தோம், நரி வரவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அறிக்கை போகிறது. நரி இல்லை என்று எழுதிய இடத்தில் கட்டிடம் எழும்பிவிடும்.

அப்டேட் என் ஃபைலைத் தொடாது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

படுக்கப் போகும்போதுதான் உறைக்கிறது. என் திரை செல்வினுக்குத் தெரியாது. நரி குறைந்ததென்று நான் சொல்லவும் இல்லை.