மொழிபெயர்ப்புக் கூலி

பிரிக்பீல்ட்ஸ், 1934

அன்புள்ள அத்தானுக்கு,

புடு சிறையில் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா? நான் சுகம்.

வக்கீல் துரையின் பில்லில் நாம் எதிர்பாராத ஒன்று இருந்தது: மொழிபெயர்ப்புக் கூலி. இன்று ஆபீசுக்கே போய்க் கேட்டேன்.

"எல்லாருக்கும் போடுறதுதாம்மா," என்றார் அங்கே எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும் பார்க்கும் கிராணி.

"துரை என் வீட்டுக்காரர விசாரிச்ச அன்னைக்கு நீங்க லீவு, அண்ணே. 'என் பொண்டாட்டி கையப் பிடிச்சு இழுத்தான், அதான் ஓவர்சியர அடிச்சேன்'னு அவர் சொன்னத துரைகிட்ட இங்கிலீசுல சொன்னது நான். அந்தக் கை என்னோடது. அதுக்கு என்கிட்டயே கூலி கேப்பீங்களா?"

சத்தம் கேட்டு வந்த துரையிடம் எல்லாவற்றையும் நானே ஆங்கிலத்தில் மறுபடி சொன்னேன். அவர் பில்லில் அந்த வரியை அடித்துவிட்டு, திங்கட்கிழமையே அப்பீல் மனு போடுவதாகச் சொன்னார்.

என்னை அதையெல்லாம் சொல்ல வைத்துவிட்டோமே என்று வருந்தாதீர்கள். அன்று என் குரல் நடுங்கியது. இன்று நடுங்கவில்லை.

உங்கள் மனைவி