எழுப்பிவிடு, பிள்ளையாரே

என் செல்ல மகளுக்கு,

மல்லாவியில் பெரியம்மாவைக் கரைச்சல்படுத்தாமல் இருக்கிறாயா? படுக்கும்போது பூசத் திருநீறு உன் பள்ளிக்கூடப் பைக்குள் இருக்கிறது.

கண்ணை மூடும் முன் "பிள்ளையாரே, உம்மடை சித்தம். எழுப்பினால் எழும்புவன்" என்று சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "பிள்ளையாரே, ஆறு மணிக்கு எழுப்பிவிடு, எனக்கு நாளைக்கு ஓட்டப் போட்டி" என்பாய். சாமிக்குக் கட்டளை போடக்கூடாது என்று ஏசினேன். "கேக்காட்டி அவருக்கு எப்பிடியம்மா தெரியும்?" என்றாய். நான் இன்னும் கொஞ்சம் ஏசினேன். நீ அழுதபடியே தூங்கிவிட்டாய்.

வவுனியா ஆஸ்பத்திரியில் என் கட்டில் யன்னலோரம். வேப்பமரத்தில் ஓர் அணில் இருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. நாளைக் காலை ஒப்பரேசனுக்கு முன் மருந்து தந்து என்னைத் தூங்க வைப்பார்களாம். "சின்ன நித்திரைதான், பயப்பிடாதேங்கோ" என்று தாதி சொன்னார். நான் பயப்படவில்லை.

ஆனால் எங்கள் வீட்டு வழக்கப்படி சொல்ல நாளைக்கு எனக்கு வாய் வராது, மகள். நீ சொல்கிற மாதிரியே சொல்லப் போகிறேன்:

"பிள்ளையாரே, எழுப்பிவிடு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தலை பின்னவேணும்."

முத்தங்களோடு,
உன் அம்மா