கருப்பனுக்குக் கண் வந்துவிட்டது

என் ஆசை அண்ணே,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நம்ம ஊர் எரியோட்டில் எல்லாரும் சுகம். நான்தான் சுகமாக இல்லை. உன் கடைசிப் படம் இருக்கிற கூடத்துக்குள் காலை வைக்கவே பயமாக இருக்கிறது.

நீ மெட்ராஸில் ஓவியம் படித்தவன். கூடப் படித்தவர்கள் பாரிசுக்குக் கப்பல் ஏறியபோது, "வெள்ளைக்காரன் மாதிரி வரைய அங்கேயே ஆள் இருக்கு" என்று ஊருக்குத் திரும்பினாய். கண்மாய்க்கரையில் மண்ணால் சாமி செய்கிற வேளார்களோடு போய் உட்கார்ந்தாய். அவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அன்றிலிருந்து உன் படங்களுக்கும் அதே முறைதான். கடைசியாக வரைந்த இந்தக் கருப்பசாமிக்குக் கண் வைப்பதற்குள் நீயே போய்விட்டாய்.

கண்ணில்லாத அந்த முகத்தைத்தான் சென்னையில் ஒரு மியூசியம் கேட்டது. உன் படம் மியூசியம் ஏறுவது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

முந்தாநாள் பக்கத்து வீட்டு ராசாத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கத் திண்டுக்கல் போயிருந்தேன். திரும்பி வந்தால் கூடத்தில் நிற்கிறாள், கையில் கண்மை டப்பா. படத்தில் இரண்டு கண்ணும் முழித்துக்கொண்டிருக்கின்றன.

"அடிப்பாவி, என்ன காரியம்டி பண்ணிவச்சிருக்க?"

"சாமிய இம்புட்டு நாளு கண்ணத் தொறக்காம வச்சிருந்தா சும்மா விடுமாக்கா? என் ஆடு ஒண்ணொண்ணா சாகுது. விரதம் இருந்துதான் வச்சேன்."

மியூசியத்துக்காரருக்குப் போன் போட்டேன். "நீங்க தொடாதீங்கம்மா. வெள்ளிக்கிழமை வந்து நாங்களே துடைச்சு எடுத்துக்கறோம். அந்தக் கண்ணோட எடுக்க முடியாது" என்றார்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிட்டே போகிறேன், பாதியிலேயே திரும்பிவிடுகிறேன். திறந்த கண்ணை வேளார்கள் திரும்பத் தொடுவதே இல்லையே. நீ கோயிலுக்குக்கூடப் போகாதவன். அவர்கள் முறையை மட்டும்தான் எடுத்துக்கொண்டாயா, நம்பிக்கையையும் சேர்த்தா? உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டுவிட்டேனே, அண்ணே.

துடைக்க விடமாட்டேன். ராசாத்தி வைத்த கண் என்று உள்ளதைச் சொல்வேன், அப்படியே எடுத்தால் எடுக்கட்டும். வண்டி வெறுமனே திரும்பினால் உன் பேர் மியூசியம் ஏறாது. அது எனக்குத் தெரியும். அப்புறம் இந்த வீட்டில் கருப்பனும் நானும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், கூடத்தைப் பூட்டமாட்டேன். அவர் பார்க்கப் பார்க்க நடமாடிப் பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்த வயதிலும் பயந்து சாகிற
உன் தங்கச்சி