சேலையில் கொளுவிய மைக்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது அல்ல. மாமாவின் காதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் ஆய்வுக்காக அவருக்குக் கொடுத்த காதுக்கருவியோடு ஒரு சின்ன மைக்கும் உண்டு. கதைப்பவர் அதை உடுப்பில் கொளுவிக்கொண்டால், அடுத்த அறையில் நின்றாலும் குரல் நேரே மாமாவின் காதுக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொளுவிக்கொண்டு அவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் கனடாவிலிருந்து போன் எடுத்தீர்கள். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று கதைத்தேன். லோயரைப் பற்றி, விவாகரத்துக் கையெழுத்தைப் பற்றி, எல்லாம். போனை வைத்த பிறகுதான் சேலையில் மைக் இருப்பதைக் கண்டேன். உங்கள் குரல் அவருக்குக் கேட்டிராது. என்னுடையது மட்டும்.

முற்றத்தில் சந்தைக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்த மாமா, "கருவி பழுது பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். சத்தம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும். ஒருமுறையும் உயர்த்தவில்லை. மூளையின் அலைகளை அளந்து பார்த்தேன். கருவியோடு நன்றாகவே கேட்கிறது. நான் பேராசிரியர் என்று பெயர், இதை என்னவென்று பதிவது?

திரும்பும் வழியில் அவர்தான் தொடங்கினார்.

"என்ரை மகனோடை கோவிக்கிறதெண்டாலும் எங்கடை வீட்டுக்குள்ளையே இருந்து கோவி பிள்ளை. எனக்குத்தான் கேக்காதே."

உங்களுக்குச் சொல்ல ஒரு முடிவு வைத்திருந்தேன். இப்போது அது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்